ஒருநாள் வாடகைக்கு விற்ற உருளி

ஒருநாள் வாடகையை வாங்கிக்கொண்டு ஓர் உருளியை நிரந்தரமாக விற்றவள் நான். திருவனந்தபுரத்தில் இந்தச் சாதனையை வேறு யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

முதலில் என் தகுதிகள். கணினிப் பொறியியல் படித்தவள். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. (சிரிக்க வேண்டாம், சம்பளம் ஒழுங்காக வருகிறது.) பல் தேய்ப்பதைக்கூடப் பட்டியலில் எழுதி, முடித்ததும் டிக் அடிப்பேன்.

அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திர வாடகைக் கடை. அண்டா, வாளி, கரண்டி எல்லாம் உண்டு. ஆனால் கடையின் பெருமை, நாலு பேர் சேர்ந்து தூக்கும் வெண்கல உருளி. எண்ணூறு பேருக்குப் பாயசம் வைக்கலாம். அன்றைக்கு உருளி காலியா என்று கேட்டுவிட்டு முகூர்த்தம் குறிக்கும் வீடுகள் இருக்கின்றன.

கடையை ஆன்லைனில் கொண்டுவரப் போகிறேன் என்று ஒருநாள் அறிவித்தேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுல போட்டா, சாமான் எப்ப திரும்பி வரும் மக்ளே?"

தொழில்நுட்பம் தெரியாதவரின் கேள்வி என்று நினைத்துப் பொறுமையாக விளக்கினேன். "ஆன்லைன் பிசினஸ்னா ஆன்லைன்ல விக்கதுதாம்ப்பா. ரெண்டும் ஒண்ணுதான்."

இணையத்தில் கிடைத்த ஆயத்தக் கடை ஒன்றை எடுத்து நிரப்பினேன். பெயருக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. வாடகைக்குக் கட்டம் இல்லை. எனவே ஒருநாள் வாடகையை விலைக் கட்டத்தில் எழுதினேன். கீழே பொடி எழுத்தில் ஏதேதோ விதிமுறைகள் தாமாகவே வந்திருந்தன. அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். பிறகு இருபத்து மூன்று சோதனைகள். போனைக் குறுக்காகப் பிடித்தால் உருளி நசுங்கித் தெரிகிறதா என்பதுவரை பார்த்தேன். இருபத்து மூன்றுக்கும் டிக்.

நாலாம் நாள் ஆர்டர் வந்தது. வித்துராவில், பொன்முடிக்குப் போகும் வழியில், வீட்டிலேயே சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைக்கும் ஷைலஜா டீச்சர் பெரிய உருளியைக் கேட்டிருந்தார். அப்பா அன்று நாகர்கோவிலில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பில் இருந்தார். போனில் சொன்னதும் சந்தோஷப்பட்டு, மறுபடி அதையே கேட்டார், எப்போது திரும்பி வரும் என்று. "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கிடும்ப்பா" என்று சொல்லிவிட்டு, அன்றே உருளியை டெம்போவில் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் டீச்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'கனமான சாமான். நியாயமான விலை. மீன்களுக்கும் பிடித்துவிட்டது.' நட்சத்திரங்களை எண்ணிய மகிழ்ச்சியில், மீன்கள் எங்கிருந்து வந்தன என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்பது நாள் ஆகியும் உருளி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடைத்தெரு மண்டபத்தில் ஒரு கல்யாணம். அப்பா வாக்குக் கொடுத்திருந்தார், வேறு உருளியும் கிடையாது. வெள்ளிக்கிழமை டீச்சருக்குப் போன் செய்தேன். மலையாளத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"டீச்சர், உருளியை எப்ப ரிட்டர்ன் பண்ணுவீங்க?"

"எதுக்கு மோளே? ஒரு குறையும் இல்லையே."

"குறை இல்ல டீச்சர். திரும்ப வேணும்."

"குறை இல்லேன்னா எதுக்குத் திரும்ப?"

மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை முடிந்தபோது உருளி யாருடையது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை டெம்போவில் போனோம்: அப்பா, நான், கல்யாணச் சமையல்காரர் தங்கப்பன் அண்ணன். வாசலிலேயே உருளி இருந்தது. நிறையத் தண்ணீர், ஆம்பல் பூக்கள், சிவப்பு மீன்கள். யாரோ அதன் பக்கத்தில் குனிந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் எங்கள் கடையின் பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார். ஏழு நாள் கழிந்தால் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "திருப்பி எடுக்க மாட்டோம்னா, பின்ன நாம எதுக்கு மக்ளே கடைய தொறந்து வச்சிருக்கோம்?"

அப்பா டீச்சரிடம் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். அவர் மனம் இளகியது, பிடி இளகவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், வேண்டுமானால் ஒருநாள் வாடகைக்குத் தருகிறேன் என்றார். சாமான் எடுக்க வருகிறவர்கள் வாழ்நாளெல்லாம் தன்னிடம் கேட்ட கேள்வியை அப்பா முதல்முறையாகத் தானே கேட்டார்.

"எப்ப திரும்பக் கொண்டுவரணும் டீச்சர்?"

திங்கள் காலை என்று முடிவானது. உள்ளே இருந்த ஆம்பல் தொட்டியைத் தண்ணீரோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு, மீன்களை வாளிக்கு மாற்றினோம். பன்னிரண்டு என்றார் டீச்சர். வாளியில் பதினொன்றுதான் இருந்தது. தங்கப்பன் அண்ணன் உருளிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு வழியெல்லாம் உருளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். சுத்த சைவக் கல்யாணம் அது.

உருளியைப் புளி போட்டு மூன்று முறை தேய்த்தார்கள். ஞாயிறு காலையிலிருந்து டீச்சரின் போன் தொடங்கியது. உருளி பத்திரமா? அடி பிடிக்கவில்லையே? சொன்னபடி நாளைக்கு வந்துவிடுமா? நாலாவது போனில்தான், ஆம்பல் தொட்டியின் சேற்றுக்குள்ளிருந்து பன்னிரண்டாவது மீன் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். அடுக்களைக்கு ஓடினேன். தங்கப்பன் அண்ணன் ஒவ்வொரு கரண்டிப் பாயசத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திங்களன்று சொன்ன நேரத்துக்கு உருளியோடு போனோம். விளிம்பு உடைந்து அடுப்பில் ஏற்ற முடியாமல் கிடந்த ஒரு சின்ன உருளியையும் அப்பா வண்டியில் ஏற்றியிருந்தார். (எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும்" என்றார்.) டீச்சர் கேட்டிலேயே நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது.

"இந்த வாடகைத் தொழில் எனக்கு வேண்டாம் சாரே. கொடுத்த சாமான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு பொட்டு உறக்கம் கிடையாது."

அப்பா சின்ன உருளியை இறக்கி வாசலில் வைத்து, மீன்களை அதில் விட்டார். உடைந்த விளிம்பைப் பற்றி மீன்கள் எதுவும் சொல்லவில்லை. பெரிய உருளி எங்களோடு திரும்பியது.

விற்பது, இணையத்தில் செய்யக்கூடிய பல தொழில்களில் ஒன்று. அனுப்பியதும் அது முடிந்துவிடும். எங்கள் தொழில் அனுப்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டப்படிப்பும் பன்னிரண்டு மீன்களும் தேவைப்பட்டன. இப்போது எங்கள் தளத்தில் 'வாங்கு' பொத்தான் இல்லை. நாள்காட்டி இருக்கிறது. முதல் கட்டத்தில் அப்பாவின் கேள்வி இருக்கிறது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். பாயசம் அதே உருளியில்தான். தாலி ஏறிய கையோடு தங்கப்பன் அண்ணன் கரண்டியுடன் மேடைக்கே வந்து, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னால் என்னிடம் கேட்டார்:

"மோளே, பன்னிரண்டும் வெளியிலதானே?"