முப்பத்தெட்டு முறை திறந்த மூடி

"நாப்பத்தேழாம் நம்பர் நேத்து ஒரே நாள்ல முப்பத்தெட்டு தடவை குப்பியைத் திறந்திருக்கு. ஆள் உயிரோட இருக்கா?"

போனில் லினெட்டின் குரலைக் கேட்டதும் ஒகுது வாயிலிருந்த பற்பசை நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

லினெட் கிசுமு நகர ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். ஒகுது, ஏரியோரமாக இருக்கும் ஒடுவார் கரையில் ஆராய்ச்சித் திட்டத்தின் களப்பணியாளன். ரத்தக் கொதிப்புக்காரர்கள் பன்னிரண்டு பேர் அவன் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவனும் அவன்தான். ஆளுக்கொரு வெள்ளைக் குப்பி. தினம் ஒரு மாத்திரை. குப்பியின் மூடிக்குள் ஒரு சின்னப் பொறி இருந்தது. எந்த நம்பர் எத்தனை மணிக்குத் திறந்தது என்று அது அந்த நிமிஷமே கிசுமுவுக்குக் கோள் சொல்லிவிடும்.

"முப்பத்தெட்டு மாத்திரை சாப்பிட்டா யாருங்க உயிரோட இருப்பாங்க?" என்றான் ஒகுது.

"அதைத்தான் நானும் கேக்கறேன். உடனே போய்ப் பாருங்க. ஜூன் மாசம் உங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? மூன்று வருஷம் வேலையில்லாமல், மாமியார் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே கூசிக் கிடந்தவனுக்குக் கிடைத்த வேலை இது. அது நிலைப்பதும் போவதும் இப்போது பன்னிரண்டு மூடிகளின் கையில் இருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் பறந்தான்.

நாற்பத்தேழாம் நம்பர், நியார் செமே. செமே என்ற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். அவள் சொந்தப் பெயர் அவளுக்கே மறந்து நாற்பது வருஷம் இருக்கும். செத்துக் கிடப்பாள் என்று பதறி வந்தால், ஒமேனா மீன் குவியலுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரியின் மூன்றாவது மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கையில் வெள்ளைக் குப்பி. அதைத் திருகித் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மூக்கில் ஏற்றினாள்.

"அம்மா! அதுல என்ன?"

"மூக்குப்பொடிடா. உனக்கும் வேணுமா?"

"மாத்திரை எங்கே?"

"மீன் டப்பாவுல பத்திரமா இருக்கு. ஏரிக் காத்துக்குப் பொடி கட்டிகட்டியாப் போயிடுதுடா மகனே. இந்த மூடி பாரு, ஈரம் ஒரு துளி உள்ள போகல. வெள்ளைக்காரன் செஞ்சானோ நம்மாளு செஞ்சானோ, நல்லா இருக்கணும்."

"முப்பத்தெட்டு தடவையா பொடி போடுவீங்க?"

"எனக்கு எட்டு. மிச்சம் சந்தைக்கு. பொடி கேட்டு நீட்டின கையை வெறுமனே திருப்பி அனுப்பினா நான் என்ன பொம்பளை?"

அது இந்தக் கரையின் சட்டம். உப்பு இல்லை என்று சொல்லலாம். பொடி இல்லை என்று சொல்ல முடியாது.

ஒகுது அங்கேயே பொடியைக் கொட்டினான். குப்பியைக் கழுவி, ஒமேனா வாசத்தோடு இருந்த மாத்திரைகளை எண்ணிப் போட்டான். "இனிமே இதை விளையாட்டுக்குக்கூடத் திறக்கக் கூடாது" என்று நாலு பேர் முன்னால் கத்தியும்விட்டான். அங்கேதான் பிசகினான்.

நியார் செமேக்கு ரோஷம் வந்துவிட்டது. திறக்கக் கூடாது என்றானா, சரி, திறக்கவில்லை. குப்பியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் லினெட் கூப்பிட்டாள். "நாப்பத்தேழு மூணு நாளா திறக்கவே இல்ல. செத்துட்டாங்களா?"

"ஏங்க எப்பப் பார்த்தாலும் அந்தம்மாவைச் சாகடிக்கறீங்க?"

"நான் வண்டி அனுப்பறேன்."

வண்டி வந்தது. டிரைவர் வெரே இறங்கினார். நர்ஸ் இறங்கினாள். நியார் செமேயைச் சந்தை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் பட்டை சுற்றி, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது என்று ஒரு சோடாவும் பெரிய ரொட்டியும் கொடுத்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சோடாவைக் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஏப்பம் விட்டாள்.

மற்ற பதினோரு பேரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டோம். எங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்றார் அபுயா வாத்தியார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் கேள்வி கேட்பதை அவர் விடவில்லை.

"நோய் குறையுதே, வாத்தியாரே."

"சோடா?"

ஒகுது சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்த நாளே லினெட்டின் கம்ப்யூட்டர் அலற ஆரம்பித்தது. ஆறு பேர் குப்பியைத் தொடவே இல்லை. நான்கு பேர் வாசலில் உட்கார்ந்து அறுபது, எழுபது என்று திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார்கள். அபுயா வாத்தியார் மட்டும், எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அரை மணிக்கு ஒரு தடவை திறந்து மூடினார்.

"உங்க ஊர்ல என்னங்க நடக்குது? பெரிய டாக்டர் கேக்கறாங்க, நான் என்ன சொல்ல?"

"சரியாயிடும் லினெட். ரெண்டு நாள் குடுங்க."

"இன்னொரு தடவை இப்படி வந்தா ஜூனோட சரி. அவ்வளவுதான் சொல்வேன்."

மறுநாள் காலையில் ஒகுது வீடு வீடாகப் போய், "கிசுமுவிலிருந்து புது ஆணை. குப்பியெல்லாம் பரிசோதனைக்குப் போகுது" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பன்னிரண்டு குப்பிகளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். இனிமேல் தினம் காலை ஏழு மணிக்கு அவனே திறப்பான், மூடுவான். கதை முடிந்தது.

கதை எங்கே முடிந்தது? முதல் நாளே மேஜையில் பன்னிரண்டு மாத்திரைகள் கிடந்தன.

"இதை என்ன செய்யப் போற?" என்றாள் அவன் மனைவி ரிஸ்பா.

"கக்கூஸ்ல போட்டுடலாம்னு..."

"போடு. நியார் செமே பொத்துன்னு விழட்டும். அவங்க பிள்ளைங்க வந்து கேட்டா, மூடி ஒழுங்காத்தான் திறந்துச்சுன்னு சொல்லு."

நியார் செமேயின் முதல் நாள் ரத்தக் கொதிப்பு நூற்றுத் தொண்ணூறு. வாயாடியோ, பொடிக்காரியோ, அவள் விழுந்தால் அவனால் தாங்க முடியாது. ஒகுது பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பன்னிரண்டு பொட்டலம் கட்டினான்.

அன்றிலிருந்து அவன் பிழைப்பு நாய்ப் பிழைப்பாகிவிட்டது. ஏழு மணிக்குப் பன்னிரண்டு மூடி. ஏழு பத்துக்குச் சைக்கிள். பன்னிரண்டு வீடு. எந்த வீட்டிலும் கஞ்சி குடிக்காமல் வெளியே விடமாட்டார்கள். குடிக்காவிட்டால் மாத்திரையும் வேண்டாம் என்பார்கள். இரண்டு மாதத்தில் அவன் சட்டைப் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை.

கொடுத்துவிட்டு வரவும் முடியவில்லை. விழுங்கும் வரை நிற்க வேண்டியிருந்தது.

"ஆ காட்டுங்க வாத்தியாரே."

"நாப்பது வருஷம் நான் பிள்ளைங்களை ஆ காட்டச் சொன்னேன். இப்ப நீ என்னைச் சொல்றியா?"

"சொல்றேன். காட்டுங்க."

நியார் செமே நாக்குக்கடியில் ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரி. ஒகுது அதற்கும் ஒரு வழி கண்டான்.

"பக்கத்துக் கடைக்காரியோட மூணாவது மருமக திரும்பி வந்துட்டாளாமே?"

அவள் அப்படியும் இப்படியும் பார்த்தாள். இரண்டு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தாள். பிறகு வேறு வழியில்லாமல் மாத்திரையை மடக்கென்று விழுங்கிவிட்டு, "வந்தவ சும்மா வரலடா!" என்று ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று.

கிசுமுவில் லினெட் வாயைப் பிளந்தாள். பன்னிரண்டு பேரும் தினம் ஏழு மணிக்கு, நாலே நிமிஷத்துக்குள், ஒருநாள் தவறாமல்.

"என்ன மாயம் செஞ்சீங்க?"

"பேசிப் புரியவெச்சேன்" என்றான் ஒகுது அடக்கமாக.

அந்த அடக்கம்தான் அவனுக்கு எமனாக வந்தது. ஜூன் மாதம் முதல் வாரம் லினெட் சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "நைரோபியிலிருந்து டாக்டர் கதோனி வர்றாங்க. உங்க ஊரை நேர்ல பார்த்தே ஆகணுமாம். நாளைக்கு வர்றோம்."

ஒகுது சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டு குப்பிகளையும் உரியவர்களிடம் சேர்த்தான். "இதைத் திறந்துடாதீங்க, திறந்தா என் வேலை போயிடும்" என்றான். கூடவே பாடமும் நடத்தினான். "டாக்டர் என்ன கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். 'ஏழு மணிக்கு, கஞ்சி குடிச்ச பிறகு, நானே திறந்து.' சொல்லுங்க பார்க்கலாம்."

பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். அபுயா வாத்தியார் உச்சரிப்பைத் திருத்தினார்.

மறுநாள் மரத்தடியில் நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கதோனி ஒல்லியான, சிரிக்காத பெண்மணி. முதலில் வரிசையாக ரத்தக் கொதிப்பைப் பார்த்தார். நூற்று முப்பது, நூற்று இருபத்தைந்து, நூற்று முப்பது. நியார் செமேக்கும் நூற்று முப்பது. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். இரண்டாவது கருவி கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதேதான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று பேச்சுக் கொடுத்தார்.

"ஏழு மணிக்கு, கஞ்சி குடிச்ச பிறகு, நானே திறந்து" என்றாள் நியார் செமே.

டாக்டர் லினெட்டைப் பார்த்தார். லினெட் ஒகுதுவைப் பார்த்தாள். ஒகுது ஏரியைப் பார்த்தான்.

"சரி, இந்தக் குப்பியைத் திறந்து காட்டுங்க."

நியார் செமே ஆசையாக வாங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "நான் மாட்டேன். இதைத் திறந்தா ஒகுதுக்கு வேலை போயிடும்னு சொல்லியிருக்கான்" என்றாள்.

"அப்ப யார் திறப்பாங்க?"

"அவன்தான். தினமும். பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்து, நாங்க முழுங்கற வரைக்கும் நகரவே மாட்டான். தொல்லை தாங்கலம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"ஆ காட்டச் சொல்றான்" என்றார் அபுயா வாத்தியார். அவருக்கு ஆறாத புண் அது.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் ஒகுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மூக்குப்பொடி, சோடா, பை, பொய், பொட்டலம், மருமகள்.

"ஆராய்ச்சியையே கெடுத்துட்டேன் மேடம். என்னை அனுப்பிடுங்க. அது நியாயம். ஆனா இவங்களைக் கைவிட்டுடாதீங்க. வேற யாராவது வந்து தினமும் பக்கத்துல நிக்கணும். கொஞ்சம் கஞ்சி பிடிக்கிற ஆளா பார்த்து அனுப்புங்க." சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் கதோனி அவனைத் திட்டவில்லை. ஒரு தடிமனான கோப்பைத் திறந்தார்.

"எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"அஞ்சு, மேடம்."

"எடை கூடியிருக்கா?"

"ஒன்பது கிலோ."

"குப்பிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரணும்னு முதல்ல எப்பத் தோணிச்சு? அப்ப தலைச்சுத்தல், படபடப்பு ஏதாவது இருந்துதா?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒகுதுவின் கையிலேயே பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று அறுபத்தைந்து. அதையும் எழுதினார். எழுதிவிட்டு, முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். லினெட்டைத் தள்ளி அழைத்துப்போய் ஏதோ குசுகுசுத்தார்.

குற்றப்பத்திரிகை தயாராகிறது என்று ஒகுதுவுக்குப் புரிந்துவிட்டது. வண்டியோரம் போய் நின்றான். டிரைவர் வெரே கதவில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எந்த ஆபீஸிலும் டிரைவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. நாலு கடலையை ஒகுதுவின் கையில் வைத்தார்.

"எனக்கு என்ன தண்டனை, வெரே அண்ணே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தண்டனையா? ஊருக்கெல்லாம் ஒப்புதல் படிவத்தை வரி விடாம படிச்சுக் காட்டுறியே, சேர்ந்த அன்னைக்கு நீ கையெழுத்துப் போட்ட படிவத்தைப் படிக்கவே இல்லையா தம்பி? அந்த மாத்திரை நாப்பது வருஷமா கடையில விக்கிற மாத்திரை, அதுல புதுசா ஆராய என்ன இருக்கு? மூடி கத்தினா களப்பணியாளன் என்ன பண்றான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே. எடுத்த ஆறு நோயாளியில அஞ்சு பேர் வேலையை விட்டு ஓடிட்டாங்க, பாக்கி இருக்கறது நீ ஒருத்தன்தான்!"