மந்திரித்த மாங்கனீஸ்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

லியோன் நகரில் குளிரோடு குடித்தனம் நடத்தும் அன்பு மச்சான் லூர்துபிரகாஷுக்கு, உங்கள் அக்காளைக் கட்டிக்கொண்ட அல்போன்ஸ் எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் நலம். உங்கள் அக்காள் அகஸ்டினாவின் முழங்காலும் அதன் வலியும் நலம்.

மச்சான், என் பெண் மெரின் என்னோடு பேசுவதில்லை. தாய்மாமன் நீங்கள்தான் போனில் சமாதானம் செய்ய வேண்டும். உங்கள் மருமகள் யுனிவர்சிட்டியில் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் நாலையும் சேர்த்து, வெயிலைக் கரண்டாக்கும் கறுப்புப் பொருள் ஒன்று செய்கிறாள் அல்லவா? அதில் துத்தநாகத்தை எடுத்துவிட்டு மாங்கனீஸை வைத்தால் உள்ளே அணுக்களின் அடுக்கு என்னவாகிறது என்பதுதான் ஆராய்ச்சி. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மெரினின் ஒல்லி நாற்காலியில் நீங்கள் வந்து உட்கார்ந்தால், எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவோம், மேசை மேசையாகவே இருக்கும். உங்களைப் போல இன்னும் நாலு பேர் வந்தால் பழைய வரிசையே கலைந்து, ஆளாளுக்கு இடம் மாறித்தான் உட்கார வேண்டும். மாங்கனீஸ் உங்கள் ஜாதி, கொஞ்சம் பருமன்.

போன மாதம் அந்தப் பொருளை எடுத்த எக்ஸ்ரே படத்தில் வேண்டாத இடத்தில் ஒரு கோடு எழும்பிவிட்டதென்று பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தாள். பெற்ற மனசு கேட்கவில்லை. பரீட்சைக்கு முந்தின ஞாயிறு கோயிலில் பிள்ளைகளின் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் மந்திரிப்பார்களே, அந்த வரிசையில் அவள் மேசையிலிருந்த சாம்பிள் டப்பாக்களோடு நானும் போய் நின்றேன். "என்னா அல்போன்ஸ், சுகர் மாத்திரையா?" என்றார் ஃபாதர். "இல்ல ஃபாதர், பொண்ணோட படிப்பு," என்று மூடிகளைத் திறந்து உள்ளே இருந்த கறுப்பு வில்லைகளைக் காட்டினேன். தீர்த்தம் தெளித்தார். நான் சும்மா இருந்தேனா? "கடைசி டப்பாவுக்குப் படல ஃபாதர், இன்னும் கொஞ்சம்." தீர்த்தத்தில் உப்பு கலந்திருப்பது அப்போது நினைவில்லை. வீட்டுக்கு வந்து வில்லைகளை எல்லாம் துடைத்து, மாடியில் காயவைத்து எடுத்தால், எல்லாம் ஒரே கறுப்பு. எது எந்த டப்பா, எதில் எவ்வளவு மாங்கனீஸ் என்று அந்த அந்தோணியாருக்கே வெளிச்சம். தோராயமாகப் போட்டு மூடினேன்.

மெரின் திறந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அன்றிலிருந்து ரசத்தைக்கூடப் பேசாமல்தான் நகர்த்துகிறாள். திட்டினால்கூட வாங்கிக்கொள்வேன் மச்சான், இந்த மௌனம் தாங்கவில்லை. உடனே போன் போடுங்கள்.

உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் தேவன் குறையாத சுகம் தரட்டும்.

அன்புடன்,
அல்போன்ஸ்

பின்குறிப்பு: போன் வேண்டாம். மெரின் பின்னால் நின்று இத்தனையும் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அதெல்லாம் தேறாத சாம்பிள்ப்பா. ஸ்கூல் புள்ளைங்களுக்குக் காட்ட எடுத்தாந்தேன். நல்லத உன்ன நம்பி வீட்டுக்குக் கொண்டாருவனா?" பேசாமல் இருந்தது வேறு விஷயத்துக்காம். உங்கள் லியோனிலேயே இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று வாயடைத்துக் கிடந்திருக்கிறாள். "மேசையில உன் எடம் காலியாயிடுமேம்மா" என்றேன். "அந்தப் பொருள்ல செம்போட எடம் சிலது காலியா கெடக்கும்ப்பா. அதனாலதான் கரண்டே ஓடுது," என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்காளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மேசையில் ஒல்லி நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள். அதில் நீங்கள் உட்காராதீர்கள்.