நைன் என்றால் ஒன்பது அல்ல

வேலூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் என்னை அவ்வளவு கோபப்படுத்திய இன்னொரு ஜீவன் கிடைக்காது. நர்ஸ் ஹாஸ்டலில் என் ரூம்மேட். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் 'நைன்'.

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஜெர்மன் பரீட்சையில் பாஸாக வேண்டும். வாசிப்பு, எழுத்து எல்லாம் பாஸ். பேசுவதில் மட்டும் கோட்டை விட்டாள். இன்னொரு முறை விட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு. அதனால் பார்ப்பவர்களிடமெல்லாம் ஜெர்மன் பேசிப் பழகினாள். வேண்டாம், இல்லை, கூடாது எல்லாவற்றுக்கும் ஒரே பதில், நைன்.

வார்டில் ஒரு பெரியவர், "சிஸ்டர், நாளைக்கு வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டிருக்கிறார். "நைன்" என்றாள். மறுநாள் காலை ஒன்பதுக்கு அவர் தலைவாரி, பவுடர் பூசி, பையோடு உட்கார்ந்திருக்கிறார். வாசலில் குடியாத்தத்துச் சொந்தக்காரர்கள் ஆட்டோவோடு ரெடி! ஹெட் நர்ஸிடம் டோஸ் வாங்கியது யார்? அன்று டியூட்டியில் இருந்த நான்.

"ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஜெர்மன்காரங்க வருவாங்கடி, புடிச்சுப் பேசலாம்" என்று ஒரு லீவு நாளில் என்னை இழுத்துப் போனாள். பிரியாணிக் கடை வாசலில், வெயிலில் நின்றோம். ஒரு வெள்ளைக்காரர் வந்தார். "கூட்டன் டாக்!" என்று ஜெர்மனில் வணக்கம் சொல்லிப் பாய்ந்தாள். அவரோ தோல் மெஷின் ரிப்பேருக்கு வந்த இத்தாலிக்காரர். பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தார் போல, இத்தாலிய மொழியில் கொட்டித் தீர்த்துவிட்டார். இவளும் "யாங்க, யாங்க" என்று தலையாட்டினாள். ஜெர்மனில் 'யா' என்றால் ஆமாம். பெரியவர்களிடம் வெறும் 'யா' மரியாதையில்லையாம், அதனால் ஒரு 'ங்க'! ஒருவழியாக அவர் கிளம்பி, நாங்கள் உள்ளே போனால் பிரியாணி தீர்ந்துபோயிருந்தது. ஆம்பூர் வரை போய் எலுமிச்சை சாதம் தின்றுவிட்டு வந்தோம். வயிறு எரியாதா?

கடைசியில் செல்போனில் ஓர் ஆப் மூலம் ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தார். ரிட்டையரானவர். மகன் ராணிப்பேட்டைப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். சம்பந்தியோடு பேச இவருக்குத் தமிழ் வேண்டும். தினமும் பாதி நேரம் தமிழ், பாதி நேரம் ஜெர்மன் என்று ஒப்பந்தம். தமிழ் தொடங்கும். தொடங்கியது முடியவே முடியாது.

"உன் டைம் எங்கடி?" என்று கத்துவேன்.

"பெரியவர் பேசினு கீறாரு. குறுக்க பூந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் தமிழ் செழித்து வளர்ந்தது. இவள் ஜெர்மன் 'யாங்க'வைத் தாண்டவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"அங்கிள், போதும். இனிமே ஜெர்மன்ல பேசுங்க!"

"இன்னாமா பேஜார் பண்ற? நான் பேசினு கீறேன்ல?" என்றார், அட்சரசுத்தமான வேலூர்த் தமிழில்.

"அவ பரீட்சைய நீங்களா எழுதப் போறீங்க?" என்று வெடித்தேன்.

வந்ததே அவளுக்குக் கோபம்! பெரியவரை எதிர்த்துப் பேசிவிட்டேனாம். போனைப் பறித்து, அவரிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள், ஜெர்மனில். நிறுத்தாமல், மூச்சு விடாமல். அங்கிள் முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இன்னாமா, அவ ஊறுகாய நீதான் துன்னியாமே?" என்று கேட்டார்.

மன்னிப்பு எப்போதோ முடிந்து, என்மேல் புகார் நடந்திருக்கிறது! ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது, எல்லாம் ஜெர்மனி வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் அதே பாராயணம். பரீட்சையிலும் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். பாஸ்! என் மானத்தை விற்று விமானம் ஏறினாள்.

விட்டுவிடுவேனா? அதே அங்கிளிடம் நானும் ஜெர்மன் கற்க ஆரம்பித்தேன், அவளைப் பற்றிப் புகார் சொல்லத்தான். போன வாரம் முதல் புகாரைத் தொடங்கினேன். "அவள் போய்விட்டாள். ரூமில் இப்போது..." அதற்கு மேல் ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"அய்ய, அழாதமா" என்றார் அங்கிள். "நேத்து போன்ல அவளும் உன்னப் பத்தி ஆரம்பிச்சு, இதே எடத்துலதான் நின்னுட்டா."