இடித்த பிறகு பிறந்த அண்ணன்

வாசகப் பெருமக்களே, நம் நாட்டுச் சாலைகளில் ஓர் இனம் உலவுகிறது. யானை கடக்கும், மாடு கடக்கும் என்றெல்லாம் மஞ்சள் பலகை நட்டு நம்மை எச்சரிக்கிற அரசாங்கம், இந்த இனத்துக்கு மட்டும் ஏனோ இன்னும் பலகை நடவில்லை. இவர்களுக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: இடித்துறவாடிகள். உறவாடிக் கெடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். இவர்கள் கெடுத்துவிட்டு உறவாடுகிறவர்கள்.

சாதாரண மனிதன் முன்னால் நிற்கிற காரை இடித்துவிட்டால் என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்பான். அல்லது கத்துவான். மனச்சாட்சி கொஞ்சம் குறைச்சல் என்றால் காரைப் பின்னுக்கு எடுத்து ஓடியே போய்விடுவான். இடித்துறவாடி இதில் எதையும் செய்ய மாட்டார். நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கி, காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, நசுங்கிக் கிடக்கும் தகரத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், சாலையில் சிதறிய சிவப்புக் கண்ணாடிச் சில்லுகளைச் செருப்பால் ஓரம் தள்ளிவிட்டு, கல்யாண மண்டப வாசலில் சந்தனம் நீட்டுகிறவர்போல ஒரு புன்னகையோடு வந்து, "ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே!" என்பார். அவ்வளவுதான். முடிந்தது உங்கள் கதை.

இடிபட்டவர் மலாய்க்காரர் என்றால் இவரும் அதே கம்போங்கில் வளர்ந்தவர். சீனர் என்றால் அவருடைய மாமனார் கடையில் இவர் இருபது வருடம் சாமான் எடுத்தவர். தமிழர் என்றால் கேட்கவே வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தத் தமிழ்ப்பள்ளி, எந்தக் கோயில் திருவிழா, தமிழ்நாட்டில் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று வலையை வீசிக்கொண்டே போவார். கடைசியாக ஒரு கேள்வி உண்டு. அதை அவர் வாயால் கேட்க மாட்டார். சுற்றி வளைத்து உங்கள் வாயால் சொல்ல வைத்துவிடுவார்.

தப்பு யார் மேல் என்பதிலும் அவருக்குத் தனி வேதாந்தம் இருக்கிறது. பின்னாலிருந்து இடித்தவர் மேல்தான் தப்பு என்பது போலீசுக்குத் தெரியும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது. "லேசா பட்டுருச்சு" என்பார். எது பட்டது? யார் பட்டார்? அதெல்லாம் கிடையாது. நேரம் சரியில்லை. சனி எட்டில் நிற்கிறான். பெரிய கண்டம் ஒன்று சின்னதாகக் கழிந்தது. அதற்கு நீங்கள்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்!

ஓர் உதாரணம் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

தேவமலர் எங்கள் எதிர்வீட்டுப் பெண். செங் வட்டாரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர். ஓவர்டைம் செய்து, சீட்டுப் போட்டு, போன வருடம்தான் பச்சை நிறத்தில் ஒரு கஞ்சில் கார் வாங்கினாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் துடைப்பதுபோல அதைத் துடைப்பாள். ஆனால் அவள் மாமியார் முனியம்மாவுக்கு அந்தக் கார் கண்ணில் விழுந்த தூசி. "பொம்பள ஓட்டுற காடி முழுசா வீடு வந்து சேருமா? ஒரு தடவ நசுங்கி வரட்டும், சாவி என் இடுப்புலதான்" என்று பூசை அறையில் வைத்தே சபதம் செய்திருந்தார். கணவன் கணேசமூர்த்தி தாய் கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன். ஆக, அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தாலும், தப்பு தன் மேல் இல்லை என்று தேவமலர் நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் சாவி போய்விடும். மறுபடியும் விடியற்காலை இருட்டில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாச்சாங் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் மடியில் கீரைக்கட்டோடு முன் இருக்கையில் இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, தேவமலர் நிறுத்தினாள், மூச்சு விடும் நேரம்கூட நின்றிருக்க மாட்டோம். டமார்! என் கீரை கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. தேவமலர் ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தாள். அடிபட்ட பிள்ளையைப் பார்த்த தாய்போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பின்கதவு குழிவிழுந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கி, ஐயோ, அந்தக் காட்சியை என் எதிரிக்கும் கடவுள் காட்ட வேண்டாம்.

இடித்த காரிலிருந்து இறங்கினார் நம் கதாநாயகர். பெயர் சிவசாமி. லூபோக் சீனாவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் மூன்று பேனா.

"தங்கச்சி, ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே! எந்தத் தோட்டம்?"

"அண்ணே, நான் சிக்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து இடிச்சிருக்கீங்க."

"அது கெடக்கு லா. எந்தத் தோட்டம்?"

"ஏழாங்கட்டை."

"அப்பிடிச் சொல்லு! அப்பா பேரு?"

"தங்கராஜு."

"யாரு, ரப்பர் பால் நிறுப்பாரே, அந்தத் தங்கராஜா?"

"இல்ல. டிராக்டர் ஓட்டுனாரு."

"அதத்தான் நானும் சொல்றேன்! டிராக்டர் தங்கராஜு! எங்க அப்பாவும் அவரும் ஒரே தட்டுல சாப்புட்டவங்கம்மா. எனக்கு அவரு சித்தப்பா முறை." இங்கே சிவசாமியின் குரல் தழுதழுத்தது, கண்ணில் உண்மையாகவே நீர். "கூடப் பொறந்த தங்கச்சிய இப்பிடி ரோட்டுல வச்சா நான் பாக்கணும்?"

பார்த்தீர்களா? இடித்து முழுதாக ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் அண்ணனாகிவிட்டார்.

"போலீஸ்ல ரிப்போட் போடணும்ணே" என்றாள் தேவமலர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவசாமி காதைப் பொத்திக்கொண்டார். "அண்ணன் மேல தங்கச்சி ரிப்போட்டா? ஊரு சிரிக்காதா? நமக்குள்ளயே பேசிக் கவுத்திம் பண்ணி முடிச்சிக்கலாம்மா. நம்ம பையன் ஒருத்தன் லூபோக் சீனாவுல பட்டறை வச்சிருக்கான். ரெண்டு தட்டு தட்டினா புதுசு மாதிரி ஆயிரும்."

எல்லா இடித்துறவாடிகளுக்கும் இப்படிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு 'நம்ம பையன்' உண்டு. அவன் தட்டிய கார் ஒருபோதும் பழைய நிறத்துக்குத் திரும்பியதில்லை. பச்சைக் கார் கொடுத்தால் முன்பக்கம் பச்சையும் பின்பக்கம் பாசியுமாகத்தான் வரும்.

அப்பா பேரைச் சொல்லி அழுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? தேவமலர் முகவரியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அவளுடைய இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தனபாலனுக்குப் போன் செய்தாள். அவர் போனிலேயே குதித்தார். "என்னாக்கா நீங்க! இருபத்து நாலு மணி நேரத்துல ரிப்போட் போடணும். தப்பு அவரு மேலன்னு பதிவானாத்தான் அவரு இன்சூரன்ஸ் கட்டும். அவருக்கு சம்மன் வரும், நோ கிளைம் போனஸ் போயிரும். அதான் அண்ணன், தங்கச்சின்னு உருகுறாரு. விட்டீங்கன்னா தப்பு ஒங்க தலையிலதான்!"

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தேவமலர் யோசித்து முடிப்பதற்குள், அன்று சாயங்காலமே வாசலில் அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முறுக்குப் பொட்டலம், கூடவே மனைவி மீனம்மா. உறவைச் சூட்டோடு சூடாக ஒட்டிவிட வேண்டாமா? நாற்காலியில் அமர்ந்து, மாமியார் முனியம்மாவைக் கும்பிட்டு, தங்கராஜு சித்தப்பாவின் பெருமைகளைப் பாடி முடித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. தங்கச்சி திடீர்னு பிரேக் புடிச்சிருச்சு. பொம்பளப் புள்ள, பழக்கம் பத்தல. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல."

கவனித்தீர்களா? இடித்தவர் இடிபட்டவளை மன்னித்தே விட்டார்! என்ன பெருந்தன்மை!

முனியம்மா எழுந்தார். "நான் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே சுவரில் தொங்கிய சாவியை எடுத்தார். எடுத்து, இடுப்பில் செருகினார். தேவமலர் முகத்தில் ஈயாடவில்லை. வாசற்படியில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். உழைத்துச் சேர்த்த ஒரு பெண்ணின் ஆசை, ஒரு வாழைப்பழச் சீப்போடு போய்ச் சேர்ந்ததே!

தேவமலர் வாழைப்பழச் சீப்பையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகள் புனிதாவைக் கூப்பிட்டுச் சிவசாமியின் முன்னால் நிறுத்தினாள்.

"அத்த, நான் ஒத்தப் புள்ள, புனிதாவுக்குத் தாய்மாமன் இல்ல, காதுகுத்துக்கு யார் மடியில உக்கார வைக்கிறதுன்னு சொல்லிச் சொல்லி வருசக்கணக்காத் தள்ளிப் போட்டீங்களே. கடவுளாப் பாத்து எனக்கு ஒரு அண்ணன அனுப்பியிருக்காரு. அண்ணே, இதுதான் ஒங்க மருமக."

சிவசாமியின் புன்னகை அப்படியே உறைந்தது. முனியம்மாவின் முகமோ கார்த்திகை விளக்காக மலர்ந்தது.

"அட, ஆமா! தம்பி, நீங்கதானே முறை! வர்ற தை மாசமே கோயில்ல வச்சிருவோம். பிள்ளைக்குத் தோடு, பட்டுப் பாவாடை, காலுக்குக் கொலுசு, எங்க மகனுக்கு வேட்டி, சட்டை, எனக்கு ஒரு சேலை. ரொம்ப ஆடம்பரம் வேணாம். தட்டு மட்டும் கொறையக் கூடாது, சாதிசனம் பாக்கும்."

"இல்லீங்கம்மா, முறைன்னா... நேரடியா இல்ல, கொஞ்சம் தள்ளி..."

"என்னா தள்ளி? இப்பத்தானே தங்கச்சி, சித்தப்பான்னீங்க! காதுகுத்தோட முடியுமா? நாளைக்குப் பிள்ள பெரிய மனுசி ஆனா, பச்ச ஓலைக் குடிசை கட்ட, சீரு கொண்டாற நீங்கதான் முன்ன நிக்கணும். கல்யாணத்துக்கு மாமன் மாலை இல்லாம தாலி ஏறுமா?"

மீனம்மா கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, நமக்குக் கல்யாணமாகி இத்தன வருசத்துல இப்பிடி ஒரு தங்கச்சி இருக்கிறதா நீங்க சொல்லவே இல்லையே? எங்க அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்க அவ்ளோ யோசிச்சீங்களே?"

புனிதா வேறு, வேளை தெரியாமல், "மாமா, எனக்கு சிவப்புக் கல்லு வச்ச தோடு" என்றாள்.

சிவசாமி தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே தேவமலர் என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். சாவி இன்னும் முனியம்மாவின் இடுப்பில்தான் இருந்தது; டாக்சியில் போனோம். உள்ளே நுழைந்தால், பெஞ்சில் எங்களுக்கு முன்னமே சிவசாமி! கண்கள் சிவந்திருந்தன, மீனம்மா இரவு முழுக்கத் தூங்க விடவில்லைபோலும்.

கான்ஸ்டபிள் ஓர் இளம் மலாய்க்காரர். நெற்றியும் நிறமும் பார்த்து, நீங்கள் இருவரும் உறவினர்களா என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. சிவசாமி பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார்.

"உறவா? சத்தியமா இல்லீங்க துவான்! முன்னப் பின்ன பாத்ததே இல்ல! அவங்க அப்பா யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று தமிழிலும் மலாயிலும் மாறி மாறிச் சொன்னார்.

"சலா சியாப்பா?" தப்பு யார் மேல் என்று கேட்டார் கான்ஸ்டபிள்.

"சலா சாயா, துவான்! என் தப்பு! அந்தம்மா நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க, நான்தான் போய் இடிச்சேன்! எழுதிக்குங்க!"

இவ்வளவு கம்பீரமாக ஒரு மனிதன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒரு தோட்டுக்குப் பயந்த நெஞ்சத்தில் எத்தனை நேர்மை! கையெழுத்துப் போட்டதும், தங்கச்சியின் முகத்தைப் பாராமலே போய்விட்டார்.

வெளியே வந்ததும் தேவமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்சியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனோம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் சொன்னாள்: "ஒரு ராத்திரி எனக்கு அண்ணன் இருந்தாருக்கா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு." நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்காமல் எப்படி இருப்பது?

வீட்டில் முனியம்மாவுக்கு ரிப்போட்டை வரி வரியாகத் தமிழில் சொன்னாள் தேவமலர். கார் நின்றிருந்தது, பின்னால் வந்தவர் இடித்தார், தப்பு அவருடையது, அவரே ஒப்புக்கொண்டார். முனியம்மா மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மருமகள் கையில் வைத்தார். வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பு அவன் மேலன்னு எழுதி வாங்கிட்ட, சரி. கெடைக்காம கெடைச்ச மாமனத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியேடி!"

இப்படிப்பட்டவர்கள்தான் இடித்துறவாடிகள். நல்லவேளையாக, இதைப் படிக்கிற நீங்கள் அந்த இனம் இல்லை. சிவசாமியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. படித்துக்கொண்டே வரும்போது, 'ஏழாங்கட்டைத் தோட்டத்து டிராக்டர் தங்கராஜா? நம்ம சின்ன மாமியார் வழியில ஒருத்தர் டிராக்டர் ஓட்டினாரே, அவராய் இருக்குமோ?' என்று உங்கள் மனம் கிளை கிளையாகத் தாவியதா, இல்லையா?

தாவியதென்றால், தயவு செய்து எனக்குப் பின்னால் காரோட்டி வராதீர்கள்.