பங்கும் வாடும் என்றான் பத்துமணி

அன்று காலை கீரமங்கலத்துப் பூக்கடையில் இருந்தவர்கள்: தராசில் நிற்கும் செல்லையா அண்ணன். சில்லறைக்குப் பூ எடுக்க வந்த மேரி அக்கா. லோடு ஆட்டோவோடு நான். என் தங்கச்சி செல்வி. அவள் புருசன் பத்துமணி.

பத்துமணி மாதிரி ஒரு மடையன் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடையாது. ஆவுடையார்கோவில் வரை லோடு அடித்தவன் நான். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கமிஷன் கடை அவனுடையது. விவசாயி கொண்டுவரும் பூவை ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பான். காலை பத்து மணிக்குள் எல்லாப் பூவையும் தள்ளிவிடுவான். அதற்குமேல் நின்றால் குப்பை. அதனால் அந்தப் பேர். பூவுக்கு அது சரி. போனில் ஷேர் வாங்கியும் அதையே செய்தான். ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறக்கும். வாங்குவான். பத்துக்குள் விற்பான். லாபமோ நட்டமோ, கையில் சரக்கு நிற்கக் கூடாது.

"வச்சிருந்தா வாடிரும் மச்சான்" என்பான்.

ஒரு நாள் சிமெண்டுக் கம்பெனி ஷேரை விற்றான். சிமெண்டு வாடுமா மாப்ள என்று கேட்டேன். மனசு வாடும் என்றான்.

விலை இறங்கினால், மொட்டுக்கு ஈரச்சாக்குப் போடுவதுபோல் போனுக்கும் போடுவான். இரண்டு போன் அதிலேயே செத்தது. பூவுக்குத் தண்ணீர் தெளித்த கையோடு திரையைத் தேய்த்து, பத்து வாங்க வேண்டிய இடத்தில் நூறு வாங்கிவிட்டுக் கடைத்தெருவே திரும்பிப் பார்க்க அலறினான். வாங்கினாலும் பிடித்தம், விற்றாலும் பிடித்தம். கமிஷன் கடைக்காரனிடமே கமிஷன் எடுத்தார்கள். அது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வராது. அவன் வீடு தூணோடு நிற்கிறது. கம்பியெல்லாம் துரு. பக்கத்துத் தகரக் கொட்டகையில் என் தங்கச்சி வேகிறாள். தளம் போட வைத்த பணம்தான் தினமும் போனுக்குள் போய்க் குறைந்து திரும்பியது. அந்தப் போனும் சும்மா இருக்காது. வாங்கு, விற்றுவிடு என்று மணியடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆப்பைச் செய்தவனை என் ஆட்டோவில் கட்டி இழுக்கலாம்.

செல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறாள். அங்கே ஒரு சார் இண்டெக்ஸ் ஃபண்டு பற்றிச் சொன்னாராம். பெரிய கம்பெனி ஐம்பதிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து வரும், ஏறும் இறங்கும், போட்டுவிட்டு வருசக்கணக்கில் தொடக் கூடாது என்று. கதம்பமா சார் என்று இவள் கேட்டாளாம். அதேதான் என்றாராம். தளம் மெதுவாக வரட்டும், பணமாவது நிற்கட்டும் என்று முடிவு செய்தாள்.

"கதம்பத்துல பாதி எலைதாண்டி" என்றான் பத்துமணி. அவள் சோறு போட்டாள், பேச்சை நிறுத்தினாள். பயந்துபோய்ப் பணத்தைத் தன் கையாலேயே அந்த ஃபண்டில் போட்டான். தொடமாட்டேன் என்று சத்தியமும் செய்தான்.

அந்த வாரமே விற்றான். வந்த பணத்தில் ஆப்ஷன் என்று, விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயம் எதையோ வாங்கி ஒரே காலையில் எண்பதாயிரத்தைத் தொலைத்தான்.

அதைக் கேட்டுத்தான் அன்று செல்வி கடைக்கு வந்தாள். அவனை அடிக்கத்தான் நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

"ஏன் வித்தீங்க?"

"வாடிரும்னுதான் புள்ள."

"என்னையக் கட்டி இருவத்திரெண்டு வருசமாச்சு. நானுந்தான் வாடிட்டேன். என்னைய எப்ப விக்கப் போறீங்க?"

மேரி அக்கா கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். ஏலம் நின்றுபோனது. பத்துமணி போனை எடுத்துத் தராசில் வைத்தான். எடை போடாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை அவனுக்கு.

"மிச்சப் பணம் இதுக்குள்ளதான் இருக்கு. செல்வி பேர்ல எழுதிக்கங்கண்ணே. இனி நானே கேட்டாலும் குடுக்காதீங்க" என்றான் செல்லையா அண்ணனிடம்.

அந்தப் பணத்தை அவள் மறுபடி கதம்பத்தில் போட்டாள். மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம் சேர்க்கிறாள். திறந்து பார்ப்பதில்லை. தளம் இன்னும் வரவில்லை. என் கோபமும் போகவில்லை. நம்மை மாதிரி ஆளுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். போடு, மூடு, வேலையைப் பார்.

ஆனால் அன்று போனை வைத்த கையை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஓங்கிய என் கை அவன் தோளில் போய் விழுந்து அங்கேயே இருந்தது. செல்லையா அண்ணன் பழக்கத்தில் எடையைச் சத்தமாகப் படித்தார்.

நூற்றுத் தொண்ணூறு கிராம்.