வயிற்றில் சுற்றிய பத்து முழ வேஷ்டி

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் வெங்கடகிருஷ்ணன் அவர்களுக்கு, கரமனையிலிருந்து மைத்துனன் ஹரிநாராயணன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் க்ஷேமம். அதுதான் இப்போது வெட்கக்கேடாகப் போயிற்று. வலியசாலைக்குப் பொடிநடையாக வந்தே சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

என் கல்லீரலில் கட்டி என்று தெரிந்ததும் தெரு முழுக்கத் தமுக்கடித்தது நான்தான். ஆத்தில் ஹோமம் நடந்தது, சூடாமணி அக்கா பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டாள், நானும் எல்லாரிடமும் கண்கலங்கி விடைபெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரோ, "பேடிக்கண்டா அங்கிளே, பயமே வேண்டாம்" என்று சிரித்துவிட்டு, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, கட்டியை வெட்டி, அடிவயிற்றில் ஒரு கீறல் வழியாக எடுத்துவிட்டார். மறுநாளே நடக்க வைத்தார்கள், அந்த வாரமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்த எதிராத்து பத்மஜா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அய்யே, இத்ரேயுள்ளோ மாமா, இவ்வளவுதானா? இதுக்கா ஹோமம்?" என்றாளே பார்க்கணும்! ஆபரேஷனில் போகாத உயிர் அப்போது போயிற்று.

அன்று முதல் வாசலில் மணி அடித்தால் போதும், பத்து முழ வேஷ்டியைக் கட்டு மாதிரி வயிற்றில் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவேன். முனகலும் உண்டு. வந்தவாளும் திருப்தியாக ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த லட்சணத்தில்தான் நீங்களும் வந்தீர்கள். உங்களுக்கும் ஈரலில் கட்டி, அதே டாக்டர் உங்களுக்கும் தேதி கொடுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போச்சே! "இவ்ளோ பெரிசாவாடா கிழிச்சிருக்கான்?" என்று கேட்டீர்கள். நான் பாவி, "அதை ஏன் கேக்கறேள்" என்று கண்ணை மூடிக்கொண்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம். அக்கா போனில் அழுதாள்.

அக்காவோடு போய் டாக்டரைக் கேட்டேன். இந்தத் துளை ஆபரேஷன் எல்லாருக்கும் பொருந்தாதாம், நடுவில் ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்தும் செய்ய வேண்டி வருமாம். அதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் உங்கள் கட்டி சின்னது, ஓரமாக இருக்கிறது, இப்போது செய்தால் என்னை மாதிரியே சீக்கிரம் எழுந்துவிடலாம், தள்ளிப்போட்டால்தான் ஆபத்து என்றார். என் வறட்டு கௌரவத்துக்கு நீங்கள் பலியாக வேண்டாம் அத்திம்பேர். இனி யார் வந்தாலும் சட்டையைத் தூக்கி எல்லாத் துளையையும் காட்டுவேன். அந்த வேஷ்டியைத் தொடமாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

உங்கள் காலில் விழ வேண்டிய,
ஹரிநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் வாசல் மணி அடித்தது. பழக்கதோஷம், என் அகத்துக்காரி ஜெயலக்ஷ்மி கதவைத் திறப்பதற்குள் வேஷ்டி வயிற்றில் ஏறிவிட்டது. வந்தது நீங்கள்! "ஒன்ன இன்னொரு தரம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்டா" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். படுத்தபடியே இந்த வரிகளைக் கிறுக்குகிறேன். இதை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். படித்து முடித்ததும் நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். முனை முதுகுப் பக்கம் செருகியிருக்கிறது.