எடைமேடைக்காரர் சர்க்கரை ஏற்றிய கதை

தன் வயிற்றில் யாரையும் கத்தி வைக்க விடுவதில்லை என்று எடைமேடைக்காரர் முடிவெடுத்தார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது.

நாள் முழுக்க லாரிகளுக்கு எடை போடும் அவர் நூற்று முப்பத்திரண்டு கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை நோய், வேளைக்கு நாலு மாத்திரை. இரைப்பையைச் சுருக்கினால் எடையோடு சர்க்கரையும் இறங்கும் என்று டாக்டர் சொன்னதும் மனைவி அங்கேயே தேதி கேட்டாள். அவருக்கோ, மயக்க ஊசி போட்டால் திரும்ப எழுந்திருக்க மாட்டோம் என்று பயம். அதை மனைவியிடம் சொல்ல அதைவிடப் பயம்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாப்போம். சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தா ஆபரேஷன். இல்லன்னா தள்ளி வைப்போம்."

எடைமேடைக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இருபது வருடமாக லாரிக்காரர்களைப் பார்க்கிறார். சரக்கு வண்டி மேடையில் நிற்கும்போது மட்டும் இருக்கைக்கு அடியில் நாலு கருங்கல் இருக்கும். வெளியே போனதும் இருக்காது. அந்த ஒரு நிமிடம்தான் கணக்கு. ரத்தமும் அப்படித்தானே?

ஆகவே மனைவிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று மூன்று மாதமும் அவரைப் போல உத்தமர் கிடையாது. காய்கறியைக் காய்கறி என்றும் பாராமல் தின்றார். மாலையில் தெருவை நாலு சுற்றுச் சுற்றினார்.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள் மனைவி.

"ஏன் கேக்குற?"

"எதிர்த்துப் பேசாம சாப்பிடுறீங்களே."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள்.

பரிசோதனை நாளன்று, "வெறும் வயித்தோட போக வேண்டாமாம்" என்று அவளே சொன்னாள். தெய்வமே அவள் வாயில் வந்து பேசியதாக அவருக்குப் பட்டது.

"நீ பின்னாடி வா. நான் போய் டோக்கன் போடுறேன்" என்று கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பேக்கரியில் கேக் ஐந்து துண்டு, ஜூஸ் இரண்டு பாட்டில். தொண்டை வரை கல் ஏற்றியாயிற்று.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். "இருநூத்தித் தொண்ணூறு சார்."

"குடுத்து வைக்கல" என்றார், எழவு வீட்டு முகத்தோடு. "சரி, தள்ளி வச்சுடுங்க."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த மனைவி நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"இதை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க சார்" என்றாள் நர்ஸ். "கையில எடுக்கிற ரத்தம் லேபுக்குப் போகும். அது மூணு மாசச் சராசரியைச் சொல்லும். இன்னிக்கு என்ன சாப்பிட்டாலும் அது அசையாது."

ஒரு மணி நேரத்தில் தாள் வந்தது. டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். இவ்வளவு ஒழுங்கான நோயாளியை அவர் பார்த்ததே இல்லையாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

வெளியே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "மூணு மாசக் கணக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டாக்டர் சொன்ன அன்னிக்கே நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"நான் பேக்கரிக்குப் போனது?"

"எதிர்ச்சாரியிலதான் நின்னேன்."

"ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமேடி."

"இனிமே உங்க வயித்துல ஒரு துண்டுக்குக்கூட இடமிருக்காது. ஆசை தீரட்டும்னு விட்டேன்."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "மயக்கத்துலேருந்து நான் எழுந்திருக்கலன்னா?"

அவள் டோக்கனை மடித்துப் பையில் வைத்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, நான் எழுப்பாம நீங்க என்னிக்கு எழுந்திருச்சீங்க?"